மூன்று அரங்குகளும் ஒரு சொல்லும்

ஓர் இனம் எதனை விரும்பிப் பார்க்கின்றது, பார்த்ததை எம்மொழியிற் பேசுகின்றது என்னும் இரண்டையும் அவ்வினத்தின் விளையாட்டு ஆர்வத்தைக் கொண்டே அறிந்துகொள்ளலாம். 2025ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 13, 14 ஆகிய காரி, ஞாயிறு இரு நாள்களும் தமிழர்க்கு அத்தகையதோர் அளவுகோலாக வாய்த்தன. கொல்கத்தாவில் ஒன்று, இமயமலைச் சாரலின் தரம்சாலாவில் ஒன்று, சென்னையில் ஒன்று என மூன்று அரங்குகள் அவ்விரு நாள்களிலும் மக்கள் பார்வைக்குப் போட்டியிட்டன.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், பாலாற்றை ஒட்டி அமைந்த ஊர் ஓரிக்கை. அங்குள்ள தேநீர்க்கடைப் பலகையில் அமர்ந்து, செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தை முதலிற் புரட்டும் விளையாட்டார்வலன் ஒருவனை எண்ணிக்கொள்க. அத்தகையோன் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. அவன் கண்கொண்டு இவ்விரு நாள்களையும் நோக்குவது பொருத்தமாகும்.

முதலிற் கொல்கத்தா. அர்கெந்தீனா நாட்டுக் கால்பந்து வீரர் இலியோனல் மெசி காரிக்கிழமையன்று அங்கு வந்தார். ஆடுவதற்கு வரவில்லை, காட்சி தருவதற்கு வந்தார். எழுபதடி உயரத்தில் அவருக்குச் சிலையும் திறக்கப்பெற்றது. ஆயிரக்கணக்கில் உருபா கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கிய மக்கள் சால்ட்லேக் அரங்கிற் காத்துக் கிடந்தனர். அவரோ ஏறத்தாழ இருபது நிமையமே அங்கிருந்தார். அந்நேரமும் அரசியலாளரும் அலுவலரும் அவரை மொய்த்துக்கொண்டமையால், பணம் கொடுத்தவர்க்கு அவர் தலைகூடத் தெரியவில்லை. புட்டிகள் பறந்தன, இருக்கைகள் நொறுங்கின. மேற்கு வங்க முதலமைச்சர் மன்னிப்புக் கேட்டார். நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் தளைப்படுத்தப்பட்டார்.

மெசியின் ஆட்டத்திறன் உலகறிந்தது. அதனைக் குறை கூறுவார் யாருமிலர். ஆனால், ஆட்டமே நிகழாத இடத்தில் ஆட்டக்காரரை வழிபடப் புகுந்தது என்ன அறிவுடைமை? 1911ஆம் ஆண்டில், பெரும்பாலார் வெறுங்காலோடு ஆடி, வெள்ளையர் படைப்பிரிவின் அணியை வீழ்த்திக் கேடயம் வென்ற மோகன்பாகன் குழுவைப் பெற்ற நகரம் அது. தன் மண்ணின் ஆட்டத்தால் தலைநிமிர்ந்த ஊர், ஒருவர் கையசைப்பைக் காணாத ஏமாற்றத்தால் தன் அரங்கையே உடைத்துக்கொண்டது. அயலார் ஒளியில் மட்டுமே மகிழப் பழகியவர்க்கு இதுவே முடிவு.

அடுத்தது தரம்சாலா. ஞாயிறு மாலை அங்கு இந்திய அணிக்கும் தென்னாப்பிரிக்க அணிக்கும் மட்டைப்பந்துப் போட்டி. தென்னாப்பிரிக்கர் 117 ஓட்டங்களிற் சுருண்டனர். இந்திய அணி ஏழு இலக்கு வேறுபாட்டில் எளிதாக வென்றது. தமிழ்நாட்டு அணிக்கு ஆடும் வருண் சக்கரவர்த்தி பதினொரே ஓட்டம் கொடுத்து இருவரை வீழ்த்தினார். நல்ல பந்துவீச்சுத்தான், பாராட்டத் தக்கதே. எனினும் ஐந்து ஆட்டத் தொடரில் இது மூன்றாவது ஆட்டம், அவ்வளவே. வென்றாலும் தோற்றாலும் அடுத்த கிழமை இன்னோர் ஆட்டம் வரும், முந்தையது மறந்துபோகும்.

மூன்றாவது சென்னை. இராயப்பேட்டையில் ஒரு வணிக வளாகத்தினுள் கண்ணாடிச் சுவர்களால் அமைத்த அரங்கில், சுவர்ப்பந்து உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. காரிக்கிழமையன்று அரையிறுதியில், முந்தைய கோப்பையை வென்றிருந்த எகிப்தை இந்திய அணி மூன்றுக்குச் சுழியென வீழ்த்தியது. ஞாயிற்றுக்கிழமையன்று இறுதியாட்டத்தில் ஆங்காங்கையும் அவ்வாறே வென்று, முதன்முறையாக உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. 2023ஆம் ஆண்டில் இதே சென்னையில் மூன்றாமிடத்தோடு நின்ற அணி அது. முப்பத்தொன்பது அகவை நிரம்பிய சோசுனா சின்னப்பா ஒரு முனையிலும், பதினேழே அகவையுடைய அனாகத் சிங் மறுமுனையிலும் நின்றனர். அபய் சிங்கும் வேலவன் செந்தில்குமாரும் உடன் நின்றனர். தில்லிப் பெண் அனாகத் நீங்கலாக ஏனை மூவரும் சென்னையில் இவ்வாட்டத்தைப் பயின்று உயர்ந்தவர்கள். 2028ஆம் ஆண்டு இலாசு ஏஞ்சலிசு ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட இருக்கின்றது என்பதனையும் நினைந்தால், இவ்வெற்றியின் அருமை விளங்கும்.

மூன்று அரங்குகளில், உலகக் கோப்பை கைக்கு வந்த அரங்கு ஒன்றே. அதுவும் ஓரிக்கையிலிருந்து இரண்டு, மூன்று மணி நேரப் பேருந்துச் செலவிற்குள் இருந்தது. ஆயினும் தேநீர்க்கடையில் எதனைப் பற்றிப் பேச்சு மிகுந்திருக்கும்? மெசி கையசைத்ததைப் பற்றியும், தரம்சாலாவில் விழுந்த இலக்குகளைப் பற்றியுமே. சென்னை வெற்றி ஒரு வரிச் செய்தியாக வந்து ஒரு வரிச் செய்தியாகவே போயிருக்கும்.

இதற்கு அவ்வார்வலனைப் பழிப்பது முறையன்று. அவ்வாட்டத்தின் பெயரே அவனுக்கு அயன்மொழியில், வாயில் நுழையாத ஒலியாய் வந்து சேர்கின்றது. இருவர் மாறி மாறிப் பந்தை முன்சுவரில் அடிக்க வேண்டும். திரும்பும் பந்து தரையில் இருமுறை படுமுன் அதனை எடுத்துவிட வேண்டும் என்னும் எளிய நெறியை அவனுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வாரில்லை. ‘சுவர்ப்பந்து’ என்றால் ஐந்து அகவைக் குழந்தைக்கும் ஆட்டம் பாதி விளங்கிவிடும். அச்சொல் ஆக்கப்பட்டுப் பல்லாண்டுகளாயினும், நாளிதழ்கள் அதனை எடுத்தாள நாணுகின்றன. பெயர் தெரியாத விருந்தினரை யார் வீட்டிற்குள் அழைப்பர்?

பெயர் மட்டும் போதுமா எனின், போதாது. சுவர்ப்பந்து பெரும்பாலும் செல்வர் மன்றங்களில் அடைபட்ட ஆட்டம். ஓரிக்கைப் பிள்ளை ஆடுவதற்கு நான்கு சுவர் எழுப்பிய அரங்கு வேண்டும். அதனை அரசுதான் தருதல் வேண்டும். எனினும், வேண்டும் என்று கேட்பதற்கே முதலில் அதன் பெயர் தெரிதல் வேண்டுமன்றோ?

அரங்கே வேண்டாத ஆட்டம் ஒன்று அவ்வூர்ப் பிள்ளைகளிடம் உண்டு. அது சடுகுடு. கோடு கிழிக்க ஒரு குச்சியும், அடக்க ஒரு மூச்சும் போதும். 2025 அக்தோபரில் பகரைன் நாட்டில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில், இந்தியப் பெண்கள் அணி ஈரானை 75–21 என வென்று பொன் பெற்றது. அவ்வணியின் துணைத்தலைவி சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா. நகரின் நடுவிலிருந்து பெயர்த்து விளிம்பிற் குடியமர்த்தப்பட்ட ஏழை மக்களின் குடியிருப்பு அது. அப்போட்டியிலேயே பொன் வென்ற ஆண்கள் அணியில் திருவாரூர் மாவட்டத்து வடுவூர் அபினேசு ஆடினார். தமிழ்நாட்டரசு இருவர்க்கும் தலைக்கு 25 இலக்கம் உருபா வழங்கியது. செய்யத்தக்கதைச் செய்தது.

ஆனால், அதே சடுகுடுவைத் தொழின்முறையில் நடத்துவோர் தமிழ்நாட்டு அணிக்கு இட்ட பெயரைக் காண்க: ‘தமிழ்த் தலைவாசு’! தலைவர் என்பது தமிழ். தலைவர்கள் என்பதும் தமிழ். தலைவன் வாலில் ஆங்கிலப் பன்மையீற்றை ஒட்ட வைத்தது எம்மொழி? தமிழின் பெயரைச் சூடிய அணிக்கே இந்நிலை எனில், ஏனைய அணிகளைப் பற்றிப் பேசுவானேன்?

தமிழால் இயலாது என்பார்க்கு ஈழம் விடை கூறும். அங்கே மட்டைப்பந்து ‘துடுப்பாட்டம்’, கால்பந்து ‘உதைபந்தாட்டம்’, தமிழ்நாட்டார் கைப்பந்து என்பது அங்குக் ‘கரப்பந்தாட்டம்’. ஓட்டம், தாண்டுதல், எறிதல் ஆகியவற்றில் வல்லாரை ‘மெய்வல்லுநர்’ என்பர். பள்ளிப் பிள்ளைகளும் செய்தி படிப்போரும் இச்சொற்களை நாள்தோறும் வழங்குகின்றனர். அதனால் எவர் ஆட்டமும் குன்றவில்லை.

தமிழ்நாட்டிலும் சான்று இல்லாமலில்லை. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடிற்கு, வேட்டி கட்டிய குதிரையைச் சின்னமாக்கித் ‘தம்பி’ என்று பெயரிட்டனர். உலகின் ஆட்டக்காரர் அனைவரும் அச்சொல்லை நாவால் ஒலித்தனர். ஓரிக்கைக்குத் தெற்கே உத்திரமேரூரில், முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் ஆயிரத்து நூறு ஆண்டுகளாக நிற்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று அவற்றில் ஊராட்சிக் குழுக்களின் பெயர்கள் உள்ளன. இன்று மட்டைப்பந்தை ஆளும் அமைப்பினை நாளிதழ்கள் யாவும் ‘வாரியம்’ என்றே எழுதுகின்றன. பத்தாம் நூற்றாண்டுக் கல்லிலிருந்த சொல் இற்றைநாள் விளையாட்டுச் செய்திக்குப் பொருந்துமாயின், எந்தச் சொல்தான் பொருந்தாது?

எனவே, பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆட்டப் பெயர்களையும் நெறிகளையும் தமிழிற் பயிற்றுக! இதழாளர் தமிழில் எழுதுக! தொலைக்காட்சியில் ஆட்டத்தை எடுத்துரைப்போர், ஆங்கிலத் தொடரின் வினையை மட்டும் தமிழாக்கி அதனைத் தமிழென விற்பதை விடுக! ஊராட்சிகள் திடல்களைக் காத்துத் தருக!

ஓரிக்கை என்னும் பெயர்க்கே ஒரு வரலாறு சொல்வர். அரசன் ஆணையால் காஞ்சியை விட்டு வெளியேறிய புலவன் கணிகண்ணன், தன் ஆசிரியரோடு ஓரிரவு இருந்த இடமாதலின் அது ‘ஓரிரவிருக்கை’ எனப்பெற்று, ஓரிக்கை எனத் திரிந்தது என்பர். ஒரே ஓர் இரவு, ஓர் ஊருக்கு அழியாத தமிழ்ப்பெயரைத் தந்துவிட்டது. திசம்பரின் அவ்விரு நாள்களோ, சென்னைக்கு ஓர் உலகக் கோப்பையையே தந்தன. அவ்வெற்றி சுவர்ப்பந்து என்னும் சொல்லை ஓரிக்கைப் பிள்ளையின் நாவில் வைக்குமாயின், நாளை அவன் அரங்கு எங்கே என்று கேட்பான். அவ்வாறு கேட்கும் பிள்ளைகளே நாளைய கோப்பைகளுக்கு வித்து.