முதலை இருக்கும் ஆற்றுத் துறை

மழைக்காலம் வந்துவிட்டால் சிதம்பரம் வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ எப்படியும் வந்துவிடும். ஊர் மாறும், காட்சி மாறாது. யார் வீட்டுத் தோட்டத்திலோ, வாய்க்கால் மதகடியிலோ ஒரு முதலை. வாயைச் சுற்றிக் கயிறு, கண்ணின் மேல் ஈரச் சாக்கு. வனத்துறை ஊழியர்களும் ஊர் இளைஞர்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குகிறார்கள். சுற்றிலும் செல்போன்கள். வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வக்காரமாரி குளத்தில் விடுகிறார்கள். தண்ணீருக்குள் அது சரிந்து மறைவதோடு வீடியோ முடிந்துவிடும்.

பார்க்கிறவர்களுக்கு இரண்டு நிமிடம். பழைய கொள்ளிடக் கரையில் இருக்கும் வேளக்குடி, பழையநல்லூர், அகரநல்லூர் மக்களுக்கு இது வருடம் முழுக்க உள்ள கவலை. குளிக்க, துணி துவைக்க, மாடு கழுவ, அக்கரையில் புல் அறுக்க என்று ஏதாவது ஒன்றுக்கு ஆற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும். அப்படி இறங்கியவர்களில் வீடு திரும்பாதவர்கள் உண்டு. காயத்தோடு தப்பியவர்கள் உண்டு. போன ஆடு மாடுகளுக்குக் கணக்கே கிடையாது.

முதலை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பழந்தமிழில் முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர்கள் இருந்திருக்கின்றன. இடமறிந்து செயல்பட வேண்டும் என்று சொல்ல வந்த வள்ளுவரும் முதலையைத்தான் உதாரணம் காட்டினார். ஆழத் தண்ணீரில் அதை யாரும் ஜெயிக்க முடியாது, கரைக்கு வந்தால் கதை வேறு. இன்றைக்கும் ஆபத்து இருப்பது அந்த எல்லைக்கோட்டில்தான், அதாவது முழங்கால் அளவு தண்ணீரில், துறைப் படிக்கட்டில்.

கொள்ளிடத்தில் இருப்பது நன்னீர் முதலை. மீன்தான் முக்கிய உணவு. கரையில் வளை தோண்டித் தங்கும். கோடையில் தண்ணீர் வற்றினால் வேறு குட்டை தேடித் தரைவழியே நடக்கும். மாசி, பங்குனி வாக்கில் கரை மணலில் குழி தோண்டி 25, 30 முட்டைகள் இடும். குஞ்சு பொரிக்க ஏறக்குறைய இரண்டு மாதம். அதுவரை தாய் பக்கத்திலேயே காவல் இருக்கும். அந்தச் சமயத்தில் புல் அறுக்கப் போகிறவர் தெரியாமல் குழிக்குப் பக்கத்தில் போய்விட்டால், முதலை பசியில் அல்ல, கோபத்தில் வரும்.

ஒரு காலத்தில் இதற்கு ஊர் வைத்திருந்த வைத்தியம் வேட்டை. ஈட்டி, தூண்டில், துப்பாக்கி. பிறகு தோலுக்கு விலை வந்தது. கைப்பைக்கும் செருப்புக்கும் பெல்ட்டுக்கும் வெளிநாட்டில் கிராக்கி ஏற ஏற, இந்திய ஆறுகளில் முதலை அருகிப்போனது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975-ல் மத்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த வருடம் மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில், ராமுலஸ் விட்டேகர் முயற்சியில் முதலைப் பண்ணை தொடங்கியது. இன்றைக்குப் பள்ளிச் சுற்றுலா போகிற பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று கத்துகிறார்களே, அதே இடம்தான். ஒரு விலங்கு அழியாமல் நின்ற கதை என்று பார்த்தால் இது வெற்றிக் கதை. அந்த வெற்றியோடு தினமும் ஒரே ஆற்றில் குளிப்பவர்கள் வேறு ஆட்கள்.

முதலை இப்போது சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில் இருக்கிறது. வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. தன் உயிரையோ அடுத்தவர் உயிரையோ காப்பாற்ற வேறு வழியில்லாமல் கொன்றால் மட்டும் குற்றமில்லை. "மனுஷனுக்கு ஒரு அட்டவணை கிடையாதா?" என்று கரையில் இருப்பவர் கேட்டால், அது நியாயமில்லாத கேள்வி என்று தள்ளிவிட முடியாது.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் பல மாநிலங்களில் கருங்கரடிக்கு வேட்டைக்காலம் உண்டு. உரிமம் வாங்கினால் சுடலாம், எத்தனை என்பதற்கும் கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் வட பிரதேசம் 1971-ல் முதலை வேட்டையைத் தடை செய்தது. அப்போது சில ஆயிரமாக இருந்த உவர்நீர் முதலைகள் இப்போது ஒரு லட்சத்தைத் தொடுகின்றன என்கிறார்கள். அங்கே காட்டு முட்டைகளைப் பண்ணைகளுக்கு எடுத்துக் காசாக்குகிறார்கள். நகரத்துக்குப் பக்கத்தில் வரும் முதலைகளைக் கண்ணி வைத்து அகற்றுகிறார்கள். நம் சட்டத்தில் பணத்துக்காக வேட்டை என்ற கதவு மூடியிருக்கிறது. அது மூடியே இருப்பதும் நல்லதுதான். தோல் வியாபாரம் திரும்ப வந்தால் காசு வேறு யாருக்கோ போகும், ஆற்றில் இறங்கும் அம்மாவுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் வரப்போவதில்லை.

சரி, பிடித்துக் கொண்டுபோய் வேறு இடத்தில் விட்டால்? ஊருக்குள் வந்துவிட்ட முதலையை அப்படித்தான் செய்தாக வேண்டும். அந்த ஊழியர்களின் துணிச்சலுக்குக் கும்பிடு போடலாம். ஆனால் முதலைக்குத் தன் வீடு தெரியும். ஆஸ்திரேலியாவில் மூன்று பெரிய உவர்நீர் முதலைகளின் மேல் கருவி பொருத்தி, ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போய்த் தொலைவில் விட்டுப் பார்த்தார்கள். 2007-ல் வெளியான அந்த ஆய்வின்படி மூன்றுமே பழைய இடத்துக்கே திரும்பிவிட்டன. ஒன்று 400 கிலோமீட்டருக்கு மேல் கடலோரமாகவே நீந்தி வந்தது. நன்னீர் முதலை அது போலக் கடலைச் சுற்றப் போவதில்லைதான். ஆனால் வக்காரமாரிக்கும் பழைய கொள்ளிடத்துக்கும் நடுவே கடலா இருக்கிறது? வாய்க்கால்தான் இருக்கிறது. வெள்ளம் வந்தால் எல்லாத் தண்ணீரும் ஒரே தண்ணீர்.

சிதம்பரம் பகுதியில் முதலைப் பண்ணை வேண்டும் என்ற கோரிக்கை பல வருடங்களாக இருக்கிறது. அணைக்கரையில் முதலைப் பாதுகாப்பு மையம் அமைக்கும் திட்டத்தையும் அரசு அறிவித்தது. இவை வரட்டும். பிடித்த முதலையை வைக்க ஓர் இடம் வேண்டும். ஆனால் பண்ணை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஆற்றில் இருக்கிற எல்லா முதலையும் அதற்குள் வந்துவிடாது. எஞ்சியிருக்கும் ஒன்று போதும், துறையில் இறங்க பயப்பட.

குஜராத்தின் சரோத்தர் பகுதியில் இதே நன்னீர் முதலை ஊர்க் குளங்களிலேயே கிடக்கிறது. மலாதஜ் என்ற ஊரில் குளத்தை ஒட்டி கோடியார் அம்மன் கோயில். அம்மனுக்கு வாகனம் முதலை. அங்கே மக்கள் முதலையை விரட்டுவதில்லை, ஒவ்வொரு ஜனவரியிலும் தன்னார்வலர்கள் வந்து எண்ணிவிட்டுப் போகிறார்கள். பக்தி மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. தேங்கிய குளமும் வெள்ளம் புரளும் கொள்ளிடமும் ஒன்றல்ல. இங்கே அம்மனை வரவழைத்தால் போதாது.

இலங்கையில் வேறு ஒரு வழி இருக்கிறது. மாத்தறைப் பக்கம் நில்வளா கங்கையில் குளிக்கும் துறையைச் சுற்றி நெருக்கமாகக் கழிகளை ஊன்றி வேலி கட்டுவார்கள். சிங்களத்தில் அதற்கு 'கிம்புல் கொட்டுவ' என்று பெயர், முதலைக் கோட்டை என்று அர்த்தம். தண்ணீர் உள்ளே வரும், முதலை வராது. தாத்தா காலத்து யோசனைதான். இப்போது சில இடங்களில் இரும்புக் கம்பியிலும் செய்கிறார்கள். முதலையையும் கொல்லவில்லை, குளிக்க வருகிறவரையும் விரட்டவில்லை.

பழைய கொள்ளிடத்துக்குத் தேவை இப்படிப்பட்ட சின்ன வேலைகள். ஊருக்கு ஒரு துறையாவது வேலிக்குள் இருக்க வேண்டும். மாடு கழுவக் கரை மேலேயே ஒரு தொட்டியும் அதற்கு ஒரு பம்ப்செட்டும் வேண்டும். அக்கரை வயலுக்குத் தண்ணீரில் கால் வைக்காமல் போக ஒரு நடைபாலம் வேண்டும். எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன, ஆனால் ஆற்றைத் தவிர வேறு வழியில்லாதவருக்குப் பலகை என்ன செய்யும்? வனவிலங்கு தாக்கி இறந்தால் குடும்பத்துக்கு இப்போது 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தருகிறது அரசு. அந்தத் தொகையில் எத்தனை துறைகளுக்கு வேலி கட்டலாம் என்று எந்த ஊர்க் கொத்தனாரும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்.

ஊரார் பங்குக்கும் ஒன்று இருக்கிறது. கறிக்கடைக் கழிவையும் செத்த ஆட்டையும் ஆற்றில் வீசுவது, முதலையைத் துறைக்கே வரச்சொல்லி இலை போடுகிற மாதிரி. இருட்டிய பிறகு தனியாக இறங்குவதும் அப்படித்தான்.

வேலி வெள்ளத்தில் நிற்குமா என்று கேட்பார்கள். நிற்காமல் போகலாம். ஐப்பசி வெள்ளம் பிடுங்கிக்கொண்டு போனால் தை பிறந்ததும் திரும்ப ஊன்ற வேண்டும். முதலை முட்டையிடக் கரையேறும் மாசிக்கு முன்னால் அந்த வேலை முடிந்துவிட வேண்டும். கடலூர் மாவட்டத்தில் சவுக்குக் கழிக்குப் பஞ்சமில்லை.