யாருக்குச் சுமை குறைகிறது?

“கணக்கை விட்டுவிடு, பள்ளிப் பாடத்தைக் குறைத்துக்கொள், டாக்டர் படிப்புக்கு நீட் ஒன்றே போதும்!” கோவில்பதாகைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் இந்த உபதேசம்தான்.

பிள்ளைகள் மீது நமக்குக் கோபமில்லை. 2007 முதல் 2016 வரை தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கே அரசு மருத்துவ இடங்களுக்கு அளவுகோல். 2017-ல் நீட் புகுந்தது. அறிவியல் பாடங்களில் தகுதி மார்க் எடுத்தால் போதும். மற்றதை 180 கேள்விகளே தீர்மானிக்கும்!

பணக்காரன் பள்ளியில் பெயரை மட்டும் பதித்துவிட்டுப் பயிற்சி மையத்தில் உட்காருகிறான். ஆவடிக் காண்ட்ராக்ட் தொழிலாளியின் மகளுக்கு ஏது பயிற்சி மையம்? பள்ளிதானே அவளுக்கு எல்லாம்! இடம் கிடைக்காவிட்டால், கணக்கை விட்டவளுக்கு இன்ஜினீயரிங் கதவும் சாத்தப்படும்.

அரசுப் பள்ளி மாணவருக்கு 2020-ல் வந்த 7.5 சதவிகித ஒதுக்கீடு ஆறுதல்; தீர்வல்ல.

பெற்றோர்களே! பள்ளிப் படிப்பைக் குறைக்காதீர்கள். பிளஸ் டூ மார்க்குக்கு மீண்டும் மதிப்புக் கேட்டு எங்களோடு வீதிக்கு வாருங்கள்!