கண்மாய்க் கரையில் நடப்போம், அதைப் பூங்கா ஆக்க வேண்டாம்



நம் ஊர்க் கண்மாய்க் கரையில் பேவர் பிளாக் பதிக்க வேண்டும், நெடுக விளக்குக் கம்பம் நட வேண்டும், செல்பி பாயிண்ட் வைக்க வேண்டும் என்று ஒரு மனு தயாராகியிருக்கிறது. ஜனவரி 26 கிராம சபையில் கொடுக்க, வாட்ஸ்அப் குழுவில் கையெழுத்துக் கேட்டிருந்தீர்கள். எழுதியவர்கள் என்னிடம் படித்த பிள்ளைகள். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று நாலைந்து பேர் போனில் கேட்டுவிட்டீர்கள். எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில், உங்கள் ஆசை நல்ல ஆசை. நம் ராமநாதபுரம் சீமையில் வருடத்தில் பாதி நாள் காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கும். மார்கழி, தை, மாசிதான் நமக்குக் கிடைத்த குளிர்காலம். ஐப்பசி, கார்த்திகை மழை ஒழுங்காகப் பெய்த வருடம் கரைமேல் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் நிறைந்த தண்ணீர், மறுபக்கம் கதிர் வாங்கிய நெல். சர்க்கரை, பிரஷர் என்று மாத்திரை போடுகிற என் வயதுக்காரர்களுக்கு இதைவிட நல்ல வைத்தியம் கிடையாது.

ஆனால் அந்த மூன்று மாதத்துக்கு இன்னொரு கூட்டமும் காத்திருக்கிறது. கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தை குத்தி, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக்கருவேல மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற காலமும் இதுதான். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்கள் 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றதாக அறிவிப்பு வந்தது. 2025-ல் சக்கரக்கோட்டையும் தேர்தங்கலும் சேர்ந்தன. இந்த நான்குமே நம் முன்னோர் பாசனத்துக்காக வெட்டிய கண்மாய்கள். உலகம் அங்கீகரித்தது அவற்றின் தண்ணீரையும் மரத்தையும் பறவையையும்தான். நம் ஊர்க் கண்மாய் சரணாலயம் இல்லை. ஆனால் அந்தப் பறவைகளுக்கு எல்லைக்கல் தெரியாதே. இங்கேயும்தான் வந்து இறங்குகின்றன.

இனி என் தயக்கத்துக்குக் காரணம் சொல்கிறேன்.

ஒன்று, கண்மாய்க் கரை மண் கரை. வருடா வருடம் மண் போட்டு, எலி வளை, நண்டு வளை அடைத்துக் காப்பாற்ற வேண்டியது. மேலே கல்லைப் பாவிவிட்டால் அடியில் மண் இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. அடைமழையில் கரை கசியும்போது மண்வெட்டியோடு ஓடுகிறவன் முதலில் பேவர் பிளாக்கைப் பெயர்க்க வேண்டியிருக்கும். வைகைத் தண்ணீர் நம் பக்கம் எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கிறது. வந்த தண்ணீரை உடைப்பில் விட்டால் அந்த வருட விவசாயம் போச்சு.

இரண்டு, வழவழப்பான பாதை போட்டால் பைக் வரும், அடுத்து கார் வரும். தனுஷ்கோடியைப் பாருங்கள். 2017-ல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தார்கள். வயதானவர்களுக்கு அது பெரிய உதவி, மறுக்க மாட்டேன். ஆனால் முன்பு மணலில் கால் புதைய நடந்து, கடலை இரு பக்கமும் பார்த்தபடி போன இடத்தில் இப்போது காரை விட்டு இறங்குகிறோம், போட்டோ எடுக்கிறோம், திரும்பிவிடுகிறோம். அதே தனுஷ்கோடியில்தான் பூநாரைகளுக்காக 2025 ஜூனில் சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

மூன்று, விளக்கு. கூட்டில் அடைகாக்கும் பறவைக்கு இரவு இருட்டாக இருக்க வேண்டும். வக்கா போன்றவை இருட்டில்தான் இரை தேடும். நெடுக எல்இடி போட்டால் நாம் பார்க்கப் போன பறவையை நாமே விரட்டியது போல ஆகும்.

கனடாவில் இருக்கும் என் அக்கா மகன் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆட்டவா ரிடோ கால்வாய்ப் படம் அனுப்புவான். உறைந்த கால்வாயில் 7.8 கிலோமீட்டர் சறுக்கிப் போகிறார்கள். 2022-23 குளிர்காலத்தில் பனி போதுமான கனத்துக்கு உறையவில்லை. அந்த வருடம் முழுக்கத் திறக்கவே இல்லை. அங்கே தண்ணீர் உறைந்தால்தான் பாதை. இங்கே தண்ணீர் நிறைந்தால்தான் நடையில் சுகம். பருவம் கொடுப்பதைப் பருவத்தோடு வாங்கிக்கொள்ள வேண்டும்.

எதிர்ப்பக்க நியாயமும் எனக்குத் தெரியும். "சார், உங்களுக்கென்ன, விடியுமுன் தனியாகப் போவீர்கள். நாங்கள் போக முடியுமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. முட்டியில் வலி உள்ளவர்களும் மேடு பள்ளத்தில் நடக்க முடியாது. ஆகவே வேண்டாம் என்று மட்டும் சொல்லி ஒதுங்க மாட்டேன். மனுவை இப்படி மாற்றலாம்:

பஸ் ஸ்டாப்பிலிருந்து அய்யனார் கோயில் வரை மட்டும் சரளை போட்டுச் சமப்படுத்தட்டும். அந்தத் துண்டுக்கு மட்டும், வெளிச்சம் தரையை நோக்கி விழும்படி விளக்கு. கோயில் பக்கம் நாலு பெஞ்சு, பெண்களுக்கு ஒரு கழிப்பறை.

கோயிலுக்கு அப்பால் மண் பாதை மண் பாதையாகவே இருக்கட்டும். கரைமேல் மண்டிய சீமைக்கருவேலை மட்டும் அகற்றினால் போதும். உள்ளே தண்ணீரில் நிற்கும் மரத்தில் கை வைக்க வேண்டாம்.

கரை தொடங்கும் இடத்தில் ஒரு குறுக்குக் கம்பி. வண்டி போகாது. உடைப்பு வந்தால் ஜேசிபி போக, சாவி பஞ்சாயத்தில் இருக்கட்டும்.

செல்பி பாயிண்டுக்குப் பதில் பறவைப் பெயர்கள் எழுதிய ஒரு பலகை. பெயர்களை நான் எழுதித் தருகிறேன். படம் வரைய உங்களில் இரண்டு பேர் இருக்கிறீர்கள்.

இன்னொன்று. நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையுடையது. நம்முடையது அந்தக் கணக்கில் வருவது. கிராம சபைத் தீர்மானத்தோடு நிறுத்தாமல் அந்தத் துறைக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

நடக்கப் போகும்போது பாட்டை ஸ்பீக்கரில் போடாதீர்கள். பாட்டில், பிளாஸ்டிக் கப்பை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். கூட்டுக்குப் பக்கத்தில் டிரோன் பறக்க விடாதீர்கள். இதற்கு மனுவும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். திருத்திய மனுவைக் குழுவில் போடுங்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

அன்புடன்,
உங்கள் சார்