அந்தப் பழைய பிஸ்டலை அரத்தால் தொடாதீர்கள்

பொறியியல் படித்த யாரும் முதல் வருட பிட்டிங் ஷாப்பை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு இரும்புத் துண்டைக் கையில் கொடுப்பார்கள். அதை அரத்தால் ராவி ராவி, இன்னொரு துண்டுக்குள் 'வி' வடிவத்தில் கச்சிதமாக உட்கார வைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் கீற்று தெரியக் கூடாது. எனக்குத் தெரிந்தது கீற்று அல்ல, ஜன்னல். கொஞ்சம் அதிகமாக ராவிவிட்டேன், அதைச் சரி செய்ய இன்னும் கொஞ்சம், அதைச் சரி செய்ய மேலும் கொஞ்சம்... அன்றைக்கு லேப் அண்ணன் சொன்னார்: "தம்பி, எடுக்கறது உன் கையில இருக்கு. திருப்பி ஒட்டறது யார் கையிலயும் இல்ல."

இந்தக் கதை இப்போது எதற்கு என்றால், போன மாதம் ஒரு துப்பாக்கியைப் பார்த்தபோது இதுதான் ஞாபகம் வந்தது.

நான் இப்போது மேல்படிப்புக்காக இருப்பது அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் எழுபதைத் தாண்டியவர். லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாடகை கொடுக்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறை மேஜையில் பழைய துண்டை விரித்து அதன் மேல் ஒரு பிஸ்டலைப் பிரித்துப் போட்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்மூரில் துப்பாக்கி என்றால் வங்கி வாசலில் காவலாளி தோளில் பார்த்ததோடு சரி. நம் நாட்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியைப் பழுது பார்க்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும். இவர் என்னடாவென்றால் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார்!

அது 1911. வருடம் இல்லை, துப்பாக்கியின் பெயரே அதுதான். ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்து, கோல்ட் கம்பெனி தயாரித்து, 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. 1985-ல் பெரெட்டா வரும்வரை, எழுபது வருடத்துக்கு மேல் அவர்களுடைய இடுப்புத் துப்பாக்கி இதுதான். பெரியவர் வைத்திருப்பது இரண்டாம் உலகப் போரில் செய்தது. 2018-ல் தொடங்கி ராணுவத்தின் பழைய 1911-களைக் குலுக்கல் முறையில் பொதுமக்களுக்கு விற்றார்கள், அப்படி வாங்கியது. அதன் மேல் பொறித்திருந்த பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். ரெமிங்டன் ராண்ட். டைப்ரைட்டர் கம்பெனி!

போர்க்காலத்தில் கோல்ட் மட்டும் செய்து கட்டுப்படியாகாது என்று பலரிடமும் ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள். ரெமிங்டன் ராண்ட் செய்தது. ரயில்வே சிக்னல் செய்கிறவர்கள் செய்தார்கள். நம் பாட்டி வீட்டில் இருக்கும் தையல் மெஷின் சிங்கர் கம்பெனிகூட ஐந்நூறு செய்து கொடுத்தது. (இன்று அந்த ஐந்நூறில் ஒன்று கிடைத்தால் சேகரிப்பாளர்கள் வீட்டை அடகு வைத்து வாங்குவார்கள்.) இதில் முக்கியமான விஷயம் என்னவென்றால், தையல் மெஷின்காரர் செய்த ஸ்லைடு, டைப்ரைட்டர்காரர் செய்த ஃப்ரேமில் உட்கார வேண்டும். போர்க்களத்தில் உட்கார்ந்து ராவ யாருக்கும் நேரமில்லை. அதனால் பாகங்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டே அளவுகள் வைத்தார்கள். சேறு, மணல், கரி எது புகுந்தாலும் ஸ்லைடு ஓடிக்கொண்டிருக்கும்.

மேகசினைக் கழற்றி, குழலில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை காட்டிய பிறகுதான் பெரியவர் அதை என் கையில் கொடுத்தார். ஆட்டிப் பார்த்தால் லொடலொடவென்று சத்தம். "கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன். "அதுதான் அதோட ஆரோக்கியம்" என்றார்.

பிரச்சினை அவருடைய பேரனிடம். பையனுக்கு என் வயதுதான் இருக்கும். யூட்யூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, ஒரு அரம், மெருகுக் கல், டிரெமல் என்ற குட்டிச் சுழல் கருவி எல்லாம் வாங்கி வைத்திருக்கிறான். லொடலொடப்பை நிறுத்த வேண்டும், விசையை லேசாக்க வேண்டும், தோட்டா ஏறும் சரிவைப் பளபளப்பாக்க வேண்டும். தாத்தாவுக்குப் பிறகு அவனுக்குத்தான் வரப்போகிறதாம், அதனால் அவனுக்கு உரிமை உண்டாம்.

உரிமை இருக்கலாம். எனக்கும் பிட்டிங் ஷாப்பில் அந்த இரும்புத் துண்டின் மேல் முழு உரிமை இருந்தது.

அவன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. இந்தத் துப்பாக்கியை மாற்றியமைப்பது அங்கே பெரிய பாரம்பரியம். கைப்பிடித் தகடுகளின் திருகுகளைத் தவிர வேறு திருகே கிடையாது, கருவி இல்லாமலே பிரிக்கலாம், உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும். யாருக்குத்தான் கை நமைச்சல் எடுக்காது? ராணுவமே முதலில் மாற்றியது. சுடும்போது சுத்தியல் பின்னால் வந்து கட்டைவிரல் இடுக்குச் சதையைக் கடிக்கிறது என்று புகார் வர, 1920-களில் அந்த இடத்தை நீட்டினார்கள், விசையைக் குட்டையாக்கினார்கள். 1926-ல் அதற்கு எம்1911ஏ1 என்று பெயர் வைத்தார்கள். எங்கள் மாநிலத்திலேயே ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி என்று ஒரு இடம் இருக்கிறது. 1907-லிருந்து தேசியச் சுடும் போட்டிகள் நடக்கும் ஊர். அந்தப் போட்டிகளுக்காக ராணுவக் கம்மியர்களே 1911-களை இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் அவர்கள் அளவுகோலும் அனுபவமும் வைத்துக்கொண்டு செய்தார்கள். அந்தத் துப்பாக்கி சேற்றில் விழப்போவதில்லை, காகித இலக்கைச் சுடப் போகிறது. டிவிஎஸ் 50-ஐ ரேஸுக்கு ட்யூன் செய்தால் ரேஸ் ஓடலாம், மறுநாள் அதில் மூட்டை ஏற்ற முடியுமா? இதில் ஒரு வேடிக்கை, துல்லியத்துக்கு ஸ்லைடும் ஃப்ரேமும் இறுகியிருப்பதைவிட, குழல் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் போய்ப் பூட்டிக்கொள்வதுதான் முக்கியம். சத்தத்தை நிறுத்தினால் குறி திருந்திவிடும் என்பது பாதி பிரமை.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது விசை விஷயம். பின்னால் இழுத்த சுத்தியலைப் பிடித்து வைத்திருப்பது சியர் என்ற சின்ன எஃகுத் துண்டு. இரண்டும் கவ்விக்கொள்ளும் இடம் நகத்தின் தடிமன் அளவுக்குத்தான். ராணுவத் துப்பாக்கியில் விசையை இழுக்க ஏறத்தாழ இரண்டரை மூன்று கிலோ பலம் வேண்டும். அதைக் குறைக்கிறேன் என்று சமையலறை மேஜையில் உட்கார்ந்து கண்ணளவில் தேய்த்தால், மேலே கடினப்படுத்திய எஃகு போய் உள்ளே மென்மையான உலோகம் வந்துவிடலாம். கோணம் மாறலாம். முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும், வெண்ணெய் மாதிரி என்று சொல்லிக்கொள்வான். தேய்ந்த பிறகு ஒரு நாள் விரல் படாமலே சுத்தியல் விழும். அப்போது குழல் யாரைப் பார்த்திருக்கும்? அந்த வீட்டில் மாடியில் குடியிருப்பவன் நான் :-)

சரிவைப் பளபளப்பாக்குவதும் அப்படித்தான். பழைய துப்பாக்கி உருண்டை முனைத் தோட்டாவுக்காகச் செய்தது. குழிமுனைத் தோட்டா சில சமயம் சிக்கும். உடனே டிரெமலை எடுக்கிறார்கள். அந்தச் சரிவு ஃப்ரேமிலேயே இருக்கிறது. கெட்டால் மாற்றுவதற்குத் தனிப் பாகம் கிடையாது.

எதையுமே தொடாதே என்று நான் சொல்லவில்லை. கழற்றினால் திரும்பப் போடக்கூடியது எதுவானாலும் போட்டுக்கொள்ளட்டும். கைப்பிடித் தகடு, ஸ்ப்ரிங், நல்ல மேகசின், இவையெல்லாம் வீட்டு வேலை. வெட்டி ராவித்தான் பொருத்த முடியும் என்றால் பழகிய கம்மியரிடம் போகட்டும். அதுவும் இந்தத் துப்பாக்கியில் வேண்டாம். பெரிய குறிமுனை, கை கடிக்காத நீண்ட வால், அகலமான பாதுகாப்புப் பொத்தான் என்று ஒரு காலத்தில் காசு கொடுத்துச் செய்துகொண்டதெல்லாம் இன்று புதிய 1911-களில் கடையிலேயே பொருத்தி வருகிறது. ஒன்று வாங்கி அதில் கைவரிசையைக் காட்டலாமே? டைப்ரைட்டர் தொழிற்சாலையில் செய்த துப்பாக்கியை இனி யாரும் செய்யப் போவதில்லை.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். "நீ துப்பாக்கி சுட்டிருக்கிறாயா?" என்று கேட்டான். இல்லை என்றேன். சிரித்தான். பிறகு என் பிட்டிங் ஷாப் கதையைச் சொன்னேன், அதற்கும் சிரித்தான், ஆனால் தாத்தா சிரிக்கவில்லை. எழுந்து போய் பட்டறைக் காலத்து டப்பா ஒன்றை எடுத்து வந்து மேஜையில் கொட்டினார். அவரே இளவயதில் ராவிக் கெடுத்த சியர்கள், நாலோ ஐந்தோ இருக்கும். பையன் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

இப்போதைக்கு வால்நட் மரத்தில் கைப்பிடித் தகடு மாட்டியிருக்கிறார்கள். போர்க்காலத்துப் பழுப்பு பிளாஸ்டிக் தகடு இரண்டும் அதே டப்பாவில், துணி சுற்றி இருக்கிறது.