மோனிக்கம்மாளின் கூடை

பண்டைய உரோமையர் ஆண்டுதோறும் பெப்ருவரி 13 முதல் 21 வரை, மரித்த தம் முன்னோருக்கு மரியாதை செலுத்தினர். 'பரெந்தாலியா' என்பது அவ்விழாவின் பெயர். அந்நாள்களில் கோவில்கள் அடைக்கப்பட்டிருக்கும், திருமணங்கள் நடைபெறா. குடும்பத்தார் நகருக்கு வெளியேயிருந்த கல்லறைகளுக்குச் சென்று, மலர்மாலை, சிறிது தானியம், உப்பு, திராட்சை இரசத்தில் தோய்த்த அப்பம் ஆகியவற்றைப் படைப்பர். 22ஆம் நாள், உயிரோடிருக்கும் உறவினர் மனத்தாங்கல் நீங்கி ஒரே பந்தியில் அமர்வர்.

இவ்வழக்கத்தின் சாயல் கிறிஸ்தவரிடையேயும் நீடித்தது. ஆப்பிரிக்க நாட்டில் வேதசாட்சிகளின் கல்லறைகளுக்கு உணவு கொண்டு செல்வது வழக்கம். புனித மோனிக்கம்மாளும் அவ்வாறே செய்துவந்தார். மிலான் நகருக்கு வந்த பின்பும், கூழும் அப்பமும் இரசமும் நிறைந்த கூடையோடு சென்றார். வாயிற்காவலர் அவரைத் தடுத்தார். குடிவெறிக்கு இடமளிக்கிறது, பரெந்தாலியாவை ஒத்திருக்கிறது என்று ஆயர் அம்புரோசியார் அதை விலக்கியிருந்தார். அம்மையார் முணுமுணுக்கவில்லை. அதன்பின் செபம் நிறைந்த நெஞ்சோடு கல்லறைக்குச் சென்றார். தம்மால் இயன்றதை ஏழைகளுக்கு ஈந்தார்.

கணவரின் அருகே தமக்கெனக் கல்லறை ஆயத்தம் செய்திருந்தவர் அவர். ஆயினும் 387இல், அந்நிய மண்ணாகிய ஒஸ்தியாவில் மரிக்கும்போது, உடலை எங்கேனும் அடக்கம் செய்யுமாறும், ஆண்டவரின் பீடத்தில் தம்மை நினைக்குமாறும் மட்டுமே மக்களை வேண்டினார். இதை மகன் அகுஸ்தினாரே எழுதி வைத்துள்ளார்.

நவம்பர் 2ஆம் நாள் மலரும் மெழுகுதிரியும் ஏந்திச் செல்லும் நாம், மரித்தோருக்காகத் திருப்பலியில் மன்றாடுவோம். அவர்கள் பெயரால் ஓர் ஏழைக்கு உணவளிப்போம்.