மூணாவது சீட்டுக்காரர்

விமானம் லேட்டானா ஏர்லைன்ஸைத் திட்டுவோம். இறங்கும்போது தூக்கிப் போட்டா பைலட்டைத் திட்டுவோம். டிக்கெட் விலை ஏறினா அமைச்சரைத் திட்டுவோம். இவங்க எல்லாருக்கும் நடுவுல ஒருத்தர் இருக்கார். அவரைத் திட்டணும்னாக்கூட நமக்கு அவர் பேரு தெரியாது. ஃப்ளைட் ஆபரேஷன்ஸ் இன்ஸ்பெக்டர், சுருக்கமா எஃப்.ஓ.ஐ. டிஜிசிஏ-ன்னு சொல்ற சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகத்தோட ஆள்.

2025 டிசம்பர்ல இவங்க பேரு செய்தியில அடிபட்டுச்சு. இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து பண்ணி, டெல்லி, மும்பை, பெங்களூர், சென்னைன்னு எல்லா ஊர்லயும் ஜனங்க ஏர்போர்ட் தரையில படுத்துக் கிடந்தாங்களே, அந்த சமயம். டிசம்பர் 5 ஒரே நாள்ல மட்டும் ஆயிரத்துக்கு மேல ரத்து. அதே மாசம், இண்டிகோவைக் கண்காணிக்கிற பொறுப்புல இருந்த 4 எஃப்.ஓ.ஐ.க்களை டிஜிசிஏ வீட்டுக்கு அனுப்பிடுச்சு. "பரவால்லயே, நடவடிக்கை எடுத்துட்டாங்கப்பா"ன்னு எல்லாரும் அடுத்த செய்திக்குத் தாவிட்டாங்க. எனக்கென்னவோ விஷயமே அங்கதான் ஆரம்பிக்குதுன்னு தோணுது.

முதல்ல இவங்க வேலை என்னன்னு பார்ப்போம். காக்பிட்ல ரெண்டு பைலட்டுக்கும் பின்னாடி ஒரு சீட் இருக்கும், ஜம்ப் சீட்னு பேரு. எஃப்.ஓ.ஐ. அதுல உட்கார்ந்து பேசாம பார்த்துக்கிட்டு வருவார். செக்லிஸ்ட்டை ஒழுங்கா வாசிக்கிறாங்களா, இறங்கும்போது வேகமும் உயரமும் வரம்புக்குள்ள இருக்கா, இல்லைன்னா கோ-அரவுண்ட் (அதாவது, இறங்காம மறுபடி மேல ஏறிடறது) எடுக்கறாங்களா, துணை விமானி சொல்றதை கேப்டன் காதுல வாங்கறாரா... இப்படி. இது பாதி வேலைதான். மீதி பாதி ஆபீஸ்ல. ஏர்லைன்ஸோட ஆபரேஷன்ஸ் மேனுவல், சிமுலேட்டர் பயிற்சி, பைலட்டுகளுக்கு டெஸ்ட் வைக்கிற எக்ஸாமினர்களோட தரம், டியூட்டி ரோஸ்டர்னு எல்லாம் அவர் கண்ணுல பட்டாகணும். இதெல்லாம் செய்யணும்னா அவரும் அனுபவமுள்ள பைலட்டா இருக்கணும். பரீட்சை எழுதி பாஸான உடனே உட்கார வைக்கிற நாற்காலி இல்ல இது.

"ரோஸ்டர்ல என்னய்யா பெரிய பாதுகாப்பு"ன்னு கேட்கறவங்களுக்கு ரெண்டு உதாரணம்.

2010 மே 22, மங்களூர். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்துல விழுந்து 158 பேர் செத்துப் போனாங்க. கேப்டன் வழியில ரொம்ப நேரம் தூங்கியிருக்கார். குறட்டைச் சத்தம் காக்பிட் ரெக்கார்டர்லயே பதிவாகியிருந்துச்சு. துணை விமானி கோ-அரவுண்ட் போகச் சொல்லியும் கேட்கலை.

2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. அதே ஏர்லைன்ஸ், கொட்டற மழை, 21 பேர் சாவு. விமானிகள் விதிமுறையை மீறினதுதான் முக்கியக் காரணம்னு விசாரணை அறிக்கை சொல்லுது. ஆனா அதுல இன்னொரு தகவலும் இருக்கு. கோழிக்கோட்டை பேஸாக் கொண்ட துணை விமானிகள் 26 பேர், கேப்டன் ஒரே ஒருத்தர்! விபத்துக்குள்ளான விமானத்தோட கேப்டன் மறுநாள் காலையிலயும் டியூட்டிக்கு வேணும். எப்படியாவது அங்கயே இறங்கிடணும்ங்கற எண்ணம் வந்ததுக்கு இதுவும் ஒரு காரணமா இருந்திருக்கு. இந்த 26-க்கு 1 கணக்கைக் கண்டுபிடிக்க ராடார் வேணாம், பிளாக் பாக்ஸ் வேணாம். ஒரு எக்ஸெல் ஷீட் போதும். பார்க்கறதுக்கு ஆளும், பார்த்ததைச் சொல்றதுக்கு தைரியமும் வேணும், அவ்வளவுதான்.

சரி, இண்டிகோ மேட்டருக்கு வருவோம். விமானிகளோட ஓய்வு பத்தின புது விதிகளை டிஜிசிஏ 2024 ஜனவரியிலயே வெளியிட்டாச்சு. வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்துல இருந்து 48 ஆகுது. ராத்திரி டியூட்டியில ஒரு விமானி 6 தடவை வரைக்கும் தரையிறங்கலாம்னு இருந்தது 2 ஆகுது. தள்ளிப் போட்டு, கோர்ட்டு வரைக்கும் போயி, கடைசியில 2025 ஜூலை 1, நவம்பர் 1-ன்னு ரெண்டு கட்டமா அமலுக்கு வந்துச்சு. கிட்டத்தட்ட ரெண்டு வருஷ அவகாசம். விதி மாறினா எத்தனை விமானி வேணும்ங்கறது கூட்டல் கழித்தல் கணக்கு. அதை நாட்டோட பெரிய ஏர்லைன்ஸ் சரியா போடலை.

அப்போ அந்த 4 பேரு மேல தப்பே இல்லையா? இருக்கலாம். விமானி எண்ணிக்கைக்கும் அட்டவணைக்கும் பொருந்தலைன்னு அவங்க கவனிச்சாங்களா, எழுதி மேல அனுப்பினாங்களா, அனுப்பியிருந்தா அதை யார் படிச்சாங்கன்னு கேட்கத்தான் வேணும். என் கோபம் அதுல இல்ல. குளிர்கால அட்டவணைக்கு ஒப்புதல் குடுத்தது இந்த நாலு பேர் வீட்டுத் திண்ணையில இல்ல, டிஜிசிஏ-லதான். குழப்பம் முத்தினதும், ராத்திரி டியூட்டி விதியில இருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரைக்கும் விலக்கு குடுத்ததும் அதே டிஜிசிஏதான்.

இப்போ நீங்க ஒரு எஃப்.ஓ.ஐ.ன்னு வெச்சுக்குங்க. இதுல இருந்து என்ன பாடம் படிப்பீங்க? ஏர்லைன்ஸ் போதுமான அளவு பெருசா இருந்தா விதி வளையும். விதி வளைஞ்சா இன்ஸ்பெக்டர் போவார். இதைத் தெரிஞ்சுக்கிட்டு ஜம்ப் சீட்ல உட்கார்றவர் எந்த மனநிலையில குறிப்பு எழுதுவார்? அதுவும் இந்தப் பதவிகள்ல நிறைய ஒப்பந்த அடிப்படை. காண்ட்ராக்ட் முடிஞ்சா அவர் வேலை தேடிப் போக வேண்டிய இடமும் பெரும்பாலும் ஒரு ஏர்லைன்ஸ்தான்.

இது இன்னிக்கு நேத்திக்கு வந்த வியாதி இல்ல. 2014 ஜனவரியில அமெரிக்காவோட எஃப்.ஏ.ஏ., இந்தியாவோட பாதுகாப்புத் தரத்தை ரெண்டாவது வகைக்கு இறக்குச்சு. முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு, நம்மகிட்ட முழுநேர எஃப்.ஓ.ஐ.க்கள் போதுமான அளவு இல்லாதது. அதுவரைக்கும் ஏர்லைன்ஸ் பைலட்டுகளையே கடன் வாங்கி ஏர்லைன்ஸைச் சோதிச்சுக்கிட்டிருந்தோம் :-) அப்புறம் அவசர அவசரமா 75 பணியிடங்களுக்கு அனுமதி குடுத்து, 2015 ஏப்ரல்ல பழைய இடத்தைத் திரும்ப வாங்கினோம். ஆனா பத்து வருஷம் கழிச்சு, 2025ல, டிஜிசிஏ-ல கிட்டத்தட்ட பாதிப் பணியிடம் காலின்னு நாடாளுமன்றக் குழு சொல்லுச்சு.

அமெரிக்காக்காரன் மட்டும் யோக்கியமான்னா, இல்ல. சௌத்வெஸ்ட் ஏர்லைன்ஸ், விரிசல் சோதனை செய்யாமலே 46 விமானங்களைப் பறக்க விட்டது 2008ல வெளிய வந்துச்சு. வெளிய கொண்டு வந்தது எஃப்.ஏ.ஏ.வோட ரெண்டு இன்ஸ்பெக்டர்கள் (அவங்க பராமரிப்புப் பக்கம்). ஏர்லைன்ஸோட நெருக்கமா இருந்த மேலதிகாரியைத் தாண்டி, நாடாளுமன்றக் குழு முன்னாடி வந்து சொன்னாங்க. அந்தக் காலத்துல எஃப்.ஏ.ஏ., ஏர்லைன்ஸை 'கஸ்டமர்'னே கூப்பிட்டுக்கிட்டிருந்தது. ஆனா அதுக்கப்புறம் ஒண்ணு செஞ்சாங்க. 2011ல ஒரு விதி போட்டாங்க: இன்ஸ்பெக்டர் வேலையை விட்டவரை, அவர் கண்காணிச்ச நிறுவனமே எடுத்து, எஃப்.ஏ.ஏ. முன்னாடி தன் சார்பா பேச வைக்க 2 வருஷத்துக்குத் தடை.

சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டறவங்களுக்கு இது சுலபமாப் புரியும். டெஸ்டிங் டீமோட அப்ரைசல், ரிலீஸ் தேதியை நம்பியிருக்கிற மேனேஜர் கையில இருந்தா, எத்தனை பக் வெளிய வரும்? ஆனா நம்ம பக்குக்கு மறுநாள் பேட்ச் போட்டுக்கலாம். ஓடுபாதை முடியற இடத்துல பேட்ச் கிடையாது.

அதனால என் கட்சி இதுதான். ஒண்ணு, எஃப்.ஓ.ஐ. நிரந்தர வேலையா இருக்கணும், ஒரு சீனியர் கேப்டன் யோசிக்காம வர்ற அளவுக்கு சம்பளம் இருக்கணும். ரெண்டு, வேலையை விட்டுட்டு உடனே தான் கண்காணிச்ச ஏர்லைன்ஸுக்கே போக முடியாத மாதிரி இடைவெளி இருக்கணும். மூணு, ஒரு இன்ஸ்பெக்டரை நீக்கினா, அவர் எதைப் பார்க்கத் தவறினார், எதைப் பார்த்து எழுதியும் மேல இருக்கறவங்க கண்டுக்கலைங்கறதை வெளியிடணும். மூணாவதுக்கு மட்டும் பைசா செலவில்லை. அதனாலதான் அது நடக்காதோன்னு சந்தேகமா இருக்கு.

"இதெல்லாம் செஞ்சா டிக்கெட் விலை ஏறுமே"ன்னு சிலர் சொல்லலாம். ஏறட்டுமே. ராத்திரி 2 மணிக்கு என்னை இறக்கி விடற கேப்டன் தூங்கி எழுந்து வந்திருக்காரான்னு நான் காக்பிட் கதவைத் தட்டிக் கேட்க முடியாது. எனக்குப் பதிலா கேட்கறதுக்குத்தான் ஒருத்தருக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்குது. அவர் பயப்படாம கேட்கணும். அவ்வளவுதான் மக்கா. நீங்க என்ன சொல்றீங்க?