கைராசியைப் போற்றியது போதும், கருவியைக் கொடுங்கள்

நம் சிறுகதைகளிலும் அனுபவக் கட்டுரைகளிலும் அடிக்கடி வந்துபோகும் ஒரு மனிதர் உண்டு. சாலையோரப் பட்டறை மெக்கானிக். இரண்டு ஸ்பேனர், ஒரு சுத்தியல், எண்ணெய் படிந்த துணி. இவையே அவருடைய உடைமைகள். எஞ்சினின் ஓசையைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். நிறுவனப் பட்டறை கைவிரித்த வண்டியைக் கம்பியும் கயிறும் கொண்டு ஓட வைப்பார். வாசகர்கள் நெகிழ்வார்கள், எழுதியவருக்குப் பாராட்டுக் குவியும். அந்த மெக்கானிக்குக்குக் கிடைப்பது என்ன? இந்த நெகிழ்ச்சி அவருக்கு இழைக்கப்படும் அநீதியை மறைக்கிறது என்பதே நம் குற்றச்சாட்டு.

வாட்டர் பம்ப் மாற்றும் வேலையையே எடுத்துக்கொள்வோம். அம்பாசடர் காரில் அந்தப் பம்ப் எஞ்சினின் முன்புறம் விசிறியோடு சேர்ந்து கண்முன்னே இருந்தது. பெல்ட்டைத் தளர்த்தி, போல்ட்டுகளைக் கழற்றி, புதியதைப் பொருத்திவிடலாம். அங்கே கைராசி செல்லுபடியாயிற்று.

2010இல் இந்தியாவுக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் வென்ட்டோவின் 1.6 லிட்டர் டீசல் எஞ்சினில் நிலைமை வேறு. அதில் வாட்டர் பம்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட். கிராங்க், கேம் ஷாஃப்ட், டீசலை உயரழுத்தத்தில் தள்ளும் பம்ப் ஆகியவற்றை ஓர் ஒழுங்கில் பிணைத்திருப்பதும் அதே பெல்ட்தான். கிராங்க் இருமுறை சுற்றினால் கேம் ஒருமுறை சுற்றவேண்டும். பெல்ட்டைக் கழற்றாமல் வாட்டர் பம்பைத் தொட முடியாது. கழற்றிய பின் இந்த ஒழுங்கு குலைந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். கூலன்ட் ஒழுகுகிறதென்று வந்த வண்டி, எஞ்சினையே இழந்து நிற்கும்.

இதற்கென்றே ஒரு கருவி உண்டு. கிராங்கின் பற்சக்கரத்தோடு பல்லுக்குப் பல் பொருந்தி அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும், கையடக்கமான ஓர் இரும்புத் துண்டு. சக்கரத்தின் வடிவத்துக்கேற்ப டி10050, டி10100 என்று அதற்கு இரு வகைகள். கேமையும் டீசல் பம்பையும் நிறுத்திவைக்கத் தனியே ஊசிகள். வேலை முடிந்ததும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, கருவியும் ஊசிகளும் மீண்டும் தத்தம் இடத்தில் உட்காருகின்றனவா என்று பார்க்கவேண்டும். உட்கார்ந்தால் வேலை சரி. இல்லையேல் மறுபடியும் தொடங்கவேண்டும். இந்தச் சோதனைக்கு முன் அனுபவசாலியும் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனும் சமம்.

கருவி கிட்டாதவர் என்ன செய்வார்? பெல்ட்டிலும் சக்கரத்திலும் வெள்ளைப் பெயின்டால் மார்க் போட்டுக்கொண்டு கழற்றுவார். பலமுறை தப்பிவிடுவார். ஒருமுறை தப்பாதபோது வண்டிக்காரருக்கு அவர் கைப்பணத்திலிருந்து ஈடு கட்டவேண்டும். நம் இலக்கியம் அவர் தப்பிய நாள்களை மட்டுமே எழுதுகிறது.

நிறுவனங்களுக்கு இதைவிட உவப்பான இலக்கியம் வேறென்ன இருக்கக்கூடும்? இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்கு எட்டாமல் வைத்திருந்தனர் என்பது குற்றச்சாட்டு. அறிவுசார் சொத்து, பாதுகாப்பு என்று நிறுவனங்கள் எடுத்துவைத்த வாதங்களை ஆணையம் ஏற்கவில்லை. வழக்கு பின்னர் மேல்முறையீட்டுக்குச் சென்றது. ஆயினும் கதவு அடைக்கப்பட்டிருந்தது என்பதை ஓர் அரசு அமைப்பே ஆவணப்படுத்திவிட்டது. அடைத்த கதவுக்கு வெளியே நிற்பவரின் சாமர்த்தியத்தை நாம் பாடிக்கொண்டிருக்கும் வரையில், கதவைத் திறக்கச் சொல்லும் குரல் எழாது.

'கருவி வந்தால் கைத்திறன் அழிந்துவிடுமே' என்று சில நண்பர்கள் வருந்துவர். ஸ்டெதஸ்கோப் வந்ததால் மருத்துவரின் திறன் அழிந்ததா? நிகண்டும் அகராதியும் கைக்கு வந்ததால் புலமை குன்றியதா? தமக்கு வேண்டிய நூலெல்லாம் வேண்டுமென்று கேட்கிறவர்கள், மெக்கானிக் மட்டும் வெறுங்கையோடு வித்தை காட்டவேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வகை ரசனை?

தமிழ் கற்றோர்க்கு இதில் தனிப்பொறுப்பும் உண்டு. எந்தப் போல்ட்டை எவ்வளவு முறுக்கவேண்டும், எதை மறுபடி பயன்படுத்தலாகாது என்பனவெல்லாம் பட்டறைக் கையேட்டில் இருக்கின்றன. அதை அவர் தமிழில் படிக்க வழி வேண்டும். அதற்குப் புதுச்சொற்களை அடுக்கவேண்டியதில்லை. கிராங்க், கேம், டென்ஷனர் என்று பட்டறையில் வழங்கும் சொற்களே போதும். வாக்கியம் தெளிவாக இருக்கவேண்டும், அவ்வளவே. அவரைப் பற்றி இத்தனை பக்கம் எழுதிய மொழி, அவருக்காக எழுதியது எத்தனை பக்கம்?

வண்டியை விற்பவர், அதைப் பழுதுபார்க்கும் கருவியையும் கையேட்டையும் நியாயமான விலைக்கு எவருக்கும் விற்றாகவேண்டும். இதைக் கேட்பது மெக்கானிக்கின் வேலை மட்டுமன்று, அவரை வைத்துக் கதை எழுதியவர்களின் கடனும் ஆகும். அடுத்த கதையில் அவர் கையில் கயிற்றைக் கொடுக்குமுன், அவருக்கு ஏன் கயிறு மட்டும் மிஞ்சியது என்று ஒரு வரி எழுதுங்கள்.